அவருக்கும் சுகர் பாருங்கள்



நான் பொது மருத்துவன். மனநல மருத்துவன் அல்ல. அரசு மருத்துவமனைகளில் காய்ச்சல், சர்க்கரை, நெஞ்சுவலி என்று பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன். மனநோயாளிகளின் குடும்பத்தார் கூடும் இந்த அவையில் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அங்கே உமக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் இன்று நான் பேச வந்த விஷயமே அந்தக் கேள்விதான்.

ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதனால் என்று கேட்டால், படித்தவர்கள்கூடத் தயங்காமல் "தற்கொலை" என்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் மனநலச் சிகிச்சை பெற்றவர்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிடும்போது இவர்களிடம் கூடுதலாக நேர்ந்த இறப்புகளில் தற்கொலையின் பங்கு நூற்றுக்கு சுமார் 14. உடல் நோய்களின் பங்கு சுமார் 78. அதில் இதயமும் ரத்தக்குழாயும் மட்டுமே கிட்டத்தட்ட 30. புற்றுநோய் 13-க்கு மேல்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. 1985-ல் அங்கே ஆண்களிடம் இந்த ஆயுள் இடைவெளி 13.5 ஆண்டுகள், 2005-ல் 15.9. பெண்களிடம் 10.4 ஆக இருந்தது 12 ஆனது. அந்த இருபது ஆண்டுகளில்தான் புதிய மனநல மருந்துகள் வந்தன, இதய சிகிச்சையும் பல மடங்கு முன்னேறியது. ஊராருக்கு ஆயுள் கூடியது. இவர்களுக்கு அந்த அளவுக்குக் கூடவில்லை. பணமும் மருத்துவரும் பஞ்சமில்லாத நாட்டிலேயே இந்த நிலை.

மனம் சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதி அடைந்த பிறகு, மாரடைப்பும் சர்க்கரையும் வந்து அவரைக் கொண்டுபோகின்றன. அப்போது அவர் யாருடைய நோயாளி? மனநல மருத்துவர் "உடம்புக்கு ஜெனரல் டாக்டரைப் பாருங்கள்" என்கிறார். ஜெனரல் டாக்டர் சீட்டில் உள்ள மாத்திரைப் பெயர்களைப் பார்த்ததும் "இது சைக்யாட்ரி கேஸ்" என்று திருப்பி அனுப்புகிறார். இரண்டு ஓ.பி.க்கும் நடுவில் உள்ள வராந்தாவில் அந்த மனிதர் நிற்கிறார்.

மருந்துகளிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். 1952-ல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. பிறகு ஹாலோபெரிடால் வந்தது. இவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு உடல் இறுகும், கை நடுங்கும், முகம் உணர்ச்சியற்றுப் போகும். அதைப் பார்த்துப் பயந்த குடும்பங்களுக்கு 1990-களில் வந்த ஓலன்சபின் பெரிய ஆறுதல். நடுக்கம் குறைவு, தூக்கம் வருகிறது, பேச்சும் தெளிகிறது. ஆனால் பசி வருகிறது. சாதாரணப் பசி அல்ல. சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி தட்டைத் தேடும் பசி.

இங்கேதான் நம் வீடுகளின் கதை வேறுவிதமாகப் போகிறது. மாதக்கணக்கில் சோற்றைத் தொடாமல், விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிட்ட மகன் இப்போது மூன்றாவது முறை சாதம் கேட்கிறான். அம்மாவுக்கு அது நோய் தீர்ந்ததற்கான அடையாளம். "நல்லா சாப்பிடுறான் டாக்டர், உடம்பு தேறிட்டான்" என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தில் உள்ள மலர்ச்சியைப் பார்த்த எந்த மருத்துவருக்கும், "அம்மா, ஆறு வாரத்தில் ஆறு கிலோ ஏறியிருக்கிறது, இது நல்லதல்ல" என்று சொல்ல வாய் வராது. ஆனால் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இந்த மருந்துகளால் ஏறும் எடையில் பெரும்பங்கு முதல் சில மாதங்களிலேயே ஏறிவிடுகிறது. அப்போது விட்டுவிட்டால் பிறகு இறக்குவது பெரும்பாடு.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடம். வெள்ளைக்காரரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடும். கொழுப்பு வயிற்றில் சேரும் உடல்வாகு. அதனால் எடை மட்டும் பார்த்தால் போதாது, இடுப்பையும் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். பேன்ட் நிற்கும் இடத்தில் அளக்காதீர்கள், அது தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். மூச்சை உள்ளிழுத்து வயிற்றை ஒட்டவைத்து அளந்துகொள்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் மருத்துவர்கள்.

எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு. இவற்றை மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எடையை முதல் மூன்று மாதமும் மாதாமாதம் பார்க்க வேண்டும். நானாகச் சொல்வதல்ல இது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004-லேயே ஏறக்குறைய இதைத்தான் சொல்லிவிட்டன. எடை ஏறத் தொடங்கினால் மெட்ஃபார்மின் சேர்க்கலாம், எடையை அவ்வளவாக ஏற்றாத வேறு மருந்துக்கு மாற்றலாம். மெட்ஃபார்மின் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை. இவ்வளவு எளிதான விஷயம் ஏன் நடக்கவில்லை என்றால், மனநலப் பிரிவு ஓ.பி.யில் பல இடங்களில் எடை பார்க்கும் மெஷினே இல்லை. இருந்தாலும் நூறு பேர் வரிசையில் நிற்கும் காலை வேளையில், "போன மாசம் மாதிரியேதான் இருக்கார்" என்று அண்ணன் சொன்னதும் பழைய சீட்டே திரும்ப எழுதப்படுகிறது.

லித்தியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது மிக முக்கியம். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனைக் கண்டார். பைபோலார் நோய்க்கு இதைவிடச் சிறந்த மருந்து இன்றும் அரிது; தற்கொலை அபாயத்தையே குறைக்கும் மருந்து. ஆனால் மருந்தாக வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. ரத்தத்தில் 0.6 முதல் 1 வரை இருக்கலாம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. லித்தியத்தையும் உப்பையும் சிறுநீரகம் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும்.

கத்திரி வெயிலில் கட்டட வேலை பார்ப்பவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வியர்வை. மாலையில் மூட்டுவலி. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் லித்தியத்தின் அளவை ஏற்றும். மூன்றாம் நாள் கை பலமாக நடுங்குகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்பார்கள். இல்லையென்றால் "பழையபடி ஆயிடுச்சு" என்பார்கள். இரண்டுமே தவறு. அவருக்குத் தேவை ரத்தத்தில் லித்தியம் அளவும் சிறுநீரகப் பரிசோதனையும், உடனே மருத்துவமனைப் படுக்கையும். லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சிலவும் இதே வேலையைச் செய்யும். அதனால் புதிதாகப் பிரஷர் மாத்திரை எழுதும் டாக்டரிடம் லித்தியத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது தைராய்டும் சிறுநீரகமும் பார்த்தாக வேண்டும்.

பீடிக்கு வருவோம். மனநல வார்டுகளில் ஒரு வேலை செய்தால் ஒரு பீடி என்று பரிசாகக் கொடுத்த காலம் உண்டு. உலகெங்கும் நடந்தது அது. "பாவம், அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம்" என்று இன்றும் வீட்டார் சொல்கிறார்கள். நுரையீரல் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொன்றும் உண்டு: புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, க்ளோசபின், ஓலன்சபின் இரண்டையும் வேகமாகக் கரைத்துவிடும். அதனால் புகைப்பவருக்கு அதிக டோஸ் தேவைப்படும். அவரே காலில் கட்டு போட்டு மருத்துவமனையில் படுத்துப் பீடி திடீரென்று நின்றுபோனால், அதே டோஸ் ரத்தத்தில் ஏறி மயக்கத்தில் தள்ளும். பீடியை விட வேண்டும், ஆனால் டாக்டருக்குச் சொல்லிவிட்டு விட வேண்டும். விட்டால் மனநோய் கூடிவிடும் என்ற பயமும் வேண்டாம். புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன.

க்ளோசபின் என்றேன். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பது இந்த அவையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வெள்ளையணுக்கள் சரிந்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் பார்ப்பது வழக்கம். ஆனால் மலச்சிக்கலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த மருந்து குடலின் அசைவையே மந்தமாக்கும். குடல் அடைத்து உயிர் போன நிகழ்வுகள் உண்டு.

எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு நாள் இரவு, நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவரை அவருடைய அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தார். வயிறு உப்பியிருந்தது. நோயாளி கத்தவில்லை, துடிக்கவில்லை. "வயிற்றுக்குள்ளே கல் வெச்சிட்டாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பணியில் இருந்தவர் க்ளோசபின் சீட்டைப் பார்த்தார், கல் கதையைக் கேட்டார், ஓர் ஊசி போட்டுவிட்டு "காலையில் சைக்யாட்ரி" என்று எழுதினார். வயிற்றில் யாரும் கை வைக்கவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டபோது வயிறு விறைத்துப் போயிருந்தது. எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை என்று அண்ணனைக் கேட்டேன். "ஒன்பது நாளாச்சுங்க. யாரும் கேக்கலையே" என்றார். அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம்; பிழைத்துக்கொண்டார். கல் என்று அவர் சொன்னது பிரமை அல்ல, வலியின் விவரம்.

நோய் முற்றியவர்கள் வலியைச் சொல்லும் விதம் வேறு. சிலர் சொல்வதே இல்லை. ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களிடம் குடல்வால் வெடித்த பிறகே தெரியவருவதும், நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வந்து போவதும் மருத்துவர்கள் அறிந்தவைதான். அறிந்திருந்தும் சீட்டில் மனநோய் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் ஸ்டெதஸ்கோப் கழுத்திலேயே தங்கிவிடுகிறது. என் துறையைத்தான் குறை சொல்கிறேன்.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைட் போன்ற மருந்துகள் புரோலாக்டின் என்னும் ஹார்மோனை ஏற்றும். அதனால் மாதவிடாய் நின்றுபோகலாம், பால் சுரக்கலாம். கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் மறைப்பார்கள், அல்லது அவளைச் சந்தேகப்பட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் எலும்பு பலவீனமாகும். மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைகளுக்கு இந்தப் பெண்களை யாரும் கூட்டிப்போவதில்லை என்பதும் உண்மை.

பற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தால் வாய் உலர்கிறது. தாகத்துக்குக் கலர் சோடாவும் சர்க்கரை போட்ட டீயும். பல் துலக்க மனமில்லாத நாட்கள் பல. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குப் பற்கள் முழுவதும் விழுந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. பல் இல்லாதவருக்கு வேலை யார் தருவார்கள்?

இதெல்லாம் கேட்டுவிட்டு யாரும் இன்று இரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஃபின்லாந்தில் 66,881 நோயாளிகளைப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களைவிடச் சாப்பிடாதவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். மருந்துகளில் எதைச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு மிகக் குறைவு தெரியுமா? க்ளோசபின். 1975-ல் வெள்ளையணு சரிந்து சிலர் இறந்ததும் இதே ஃபின்லாந்தில்தான். அதனால் பல நாடுகள் அந்த மருந்தையே ஒதுக்கி வைத்தன. கண்காணிப்போடு கொடுத்தபோது அதுவே உயிர் காத்தது. க்ளோசபின் சாப்பிடுகிறவர் அடிக்கடி ஒரு மருத்துவர் கண்ணில் பட்டாக வேண்டும். அதற்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். சென்னை மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே நம்மவர்கள் வசவுச்சொல்லாக ஆக்கிவிட்டார்கள். மனம் கெட்டவரை ஊருக்கு வெளியே தனி மதில் கட்டி வைப்பது வெள்ளையர் காலத்து வழக்கம். மதில்கள் இன்று தளர்ந்துவிட்டன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு மற்றப் பிரிவுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தபோது நாடே பதறியது. சர்க்கரையாலும் மாரடைப்பாலும் ஒருவர் ஒருவராக இறப்பவர்களுக்காக யாரும் பதறுவதில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எல்லா மருத்துவ சேவைகளிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். மருத்துவக் காப்பீட்டையும் அதே பிரிவு சொல்கிறது. "மனநோயாளியை இங்கே சேர்க்க மாட்டோம்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அது வெறும் மனிதாபிமானக் குறைவல்ல, சட்டமீறல்.

திட்டமும் கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சுகரும் பிரஷரும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குக் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கிறார்கள். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் முப்பது வயதுப் பேரனுக்கும் பார்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம், புது மருந்து வேண்டாம். இங்கிலாந்தில் கடுமையான மனநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, மது என்று ஆறையும் குடும்ப மருத்துவர் பார்த்துக் குறிக்க ஏற்பாடு இருக்கிறது. அந்த ஆறையும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க முடியும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது உங்கள் பிள்ளையை, அக்காவை, கணவரைக் கூடவே கூட்டிப்போங்கள்; சீட்டை மட்டும் அனுப்பாதீர்கள். எடை பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சர்க்கரை பார்த்த தேதி எது என்று டாக்டரிடம் கேளுங்கள். தேதி இல்லை என்றால் அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவை அந்த மாத்திரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.